உள்ளே ஆள் இல்லை

மாடிப்படியின் கடைசிப் படியில் பெரியப்பாவின் செருப்பு கிடந்தது. கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது.

கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு ஏறி வந்தவளுக்கு முதலில் எதுவும் உறுத்தவில்லை. பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, கண்ணாடி வில்லைகளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து, சட்டத்துக்குள் பொருத்திப் பொருத்தி, சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் பார்வைக்கு உலகமே விளிம்பு மழுங்கித்தான் தெரியும். பூட்டியிருக்கிறது, வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்த வாசனை வந்தது. எரிந்த பிசினும் மெழுகும் கலந்தாற்போல், மூக்கில் ஏறித் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாசனை. குனிந்து பார்த்தாள். பூட்டை வெள்ளைத் துணியால் சுற்றி, சணலால் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியிருந்தார்கள். அனுமதியின்றிக் கட்டப்பட்டதால் இந்த அறை மூடப்படுகிறது, முத்திரையை உடைப்பது குற்றம் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரே ஜன்னலுக்கும் வெளியிலிருந்து தகரம் அடித்திருந்தார்கள்.

"பெரியப்பா?" என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

அவர் அவளுக்குச் சொந்தப் பெரியப்பா இல்லை. மாடியில் குடியிருப்பவர். கப்பலில் எஞ்சின் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, கரையில் தனக்கென்று யாருமில்லாமல் வந்து சேர்ந்தவர். தொண்டையில் அறுவை செய்த பிறகு குரல் போய்விட்டது. பேசினால் காற்றுத்தான் வரும். உதட்டருகே காதை வைத்தால்தான் சொல் பிடிபடும். அதனால் கீழே இருப்பவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கைத்தடியால் தரையில் தட்டுவார். கீழே கூடத்தின் கூரையில் டொக் டொக் என்று கேட்டதும் அவளோ மகளோ மேலே ஓடுவார்கள். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழமாட்டார். 

அந்தக் கடைசி எண்ணம் வந்ததும் அவள் கையிலிருந்த பாத்திரம் கனத்தது.

பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டுக் கணவன் உள்ளே வந்தபோது விஷயம் அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

"மத்தியானம் வந்திருக்காங்க. கோடி வீட்டுக்காரர் சொன்னாரு. நம்ம தெருவுல நம்ம மாடி மட்டும்தானாம்."

"பெரியப்பா எங்கங்க?"

"தங்கச்சி ஊருக்குப் போகணும், போகணும்னு சொல்லிட்டே இருந்தாருல்ல? கிளம்பியிருப்பாரு."

"செருப்பு வெளிய கிடக்குதே."

"ஷூ ஒண்ணு வச்சிருக்காரே, கப்பல்ல போட்டது. அதை மாட்டிட்டுப் போயிருப்பாரு. ஆள் இருந்தா சீல் வைப்பாங்களா? அவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

ஆள் இருந்தால் வைப்பார்களா என்ற கேள்வி அவளுக்கும் ஆறுதலாக இருந்தது. இருவரும் அந்த ஆறுதலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படுத்தார்கள்.

காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம், தெருக்குழாயில் குடம் நிரம்பும் சத்தம், தூரத்தில் எவரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்க்கும் சத்தம். இவற்றுக்கு நடுவே, தலைக்கு நேர் மேலே, டொக்.

டொக். டொக்.

"தாத்தா கூப்பிடறாரு," என்றாள் மகள் சாதாரணமாக, எழுந்திருக்கப் பார்த்தபடி.

பின்னிய சடை அவள் கையிலிருந்து நழுவிப் பிரிந்தது.

கணவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள். கதவின் முன்னால் நின்று சுத்தியலை ஓங்கியவன், ஓங்கிய கையோடு அந்தத் தாளைப் படித்தான். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தான். கை மெதுவாக இறங்கியது.

"கீழ்ப்பகுதி பரிசீலனையில் உள்ளதுன்னு போட்டிருக்கு. நாம இருக்கற இடம்."

"அவர் உள்ள இருக்காருங்க!"

"தச்சுப் பட்டறைக்காரரை மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. தெருமுனையில் பட்டறை வைத்திருந்தவர். சீல் வைத்த தன் பட்டறையிலிருந்து உளியையும் இழைப்புளியையும் எடுக்கத்தான் அரக்கை உடைத்தார். சாயங்காலம் ஒரு வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் இன்னொரு வண்டி வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போனது. இப்போது அங்கே சமமான தரையில் புல் வளர்ந்திருக்கிறது. அவருடைய பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே என்று தெருவில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

"இன்னிக்கே ஆபீஸுக்குப் போய்ச் சொல்லு. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அவங்களே ஓடி வந்து திறப்பாங்க. நாம எதுக்குக் கை வைக்கணும்?" அவன் குரல் கெஞ்சியது. "ஒரு பொழுதுதானே."

அவள் கதவில் வாயை வைத்துச் சொன்னாள். "பெரியப்பா, பயப்படாதீங்க. தப்பா பூட்டிட்டாங்க. இன்னிக்குத் திறந்துடுவாங்க."

உள்ளேயிருந்து பதிலாகத் தடி ஒரு முறை தட்டியது. சரி என்பதுபோல. அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூடக் கிடையாது. மழைத் தண்ணீர் போகக் கூடாது என்று சென்ற மழைக்காலத்தில் அவள் கணவனே ரப்பர் பட்டை அடித்து அடைத்திருந்தான்.

போலீசுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சீல் வைத்த இடம் என்றால் அந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், தாங்கள் தலையிட முடியாது என்றார். வைக்கும் முன் "கவலைப்படாதீங்க" என்றும் சொன்னார்.

அலுவலகத்தின் கூடம் நீளமாக, குளிர்ச்சியாக இருந்தது. மேலே காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. ஒவ்வொரு மேசை மேலும் காகிதங்களின் ஓரங்கள் எழும்பி எழும்பி அடங்கின. ஈரத் துணியால் துடைத்த தரையின் வாசம். பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கத்திலிருந்த கிழவர் அசையாமல் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பினாள். கண் திறந்துதான் இருந்தது.

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சிறிய, துப்புரவான மனிதர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது அவள் கண் வழக்கம்போல வில்லையில் போய் நின்றது. பவர் இல்லை. வெறும் கண்ணாடி.

"உள்ளே ஆள் இருக்காரு சார்."

"இல்லம்மா. உள்ளே ஆள் இல்லைன்னு பார்த்துட்டுதான் சீல் வைப்போம்."

"தட்டறாரு சார். காலைல நானே கேட்டேன்."

"யார் தட்டறாரு?"

"மாடியில குடியிருக்கறவரு."

"நல்லதா போச்சு. குடியிருக்கறவர் ஒரு மனு கொடுத்தா உடனே எடுத்துக்கலாம். அவரை வரச் சொல்லுங்க."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. உண்மையாகவே உதவ நினைக்கும் முகம்.

"அவர் உள்ள இருக்காரு சார். எப்படி வருவாரு?"

"வர முடியலைன்னா, ஏன் வர முடியலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு யார்கிட்டயாவது கொடுத்தனுப்பட்டும். அதுக்கும் வழி இருக்கு. நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்லையேம்மா."

"அவரோட செருப்பு வாசல்ல கிடக்குது சார்!"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. பெஞ்சுகளிலிருந்த தலைகள் எல்லாம் அவளைப் பார்க்கவில்லை; கவனமாக வேறு பக்கம் திரும்பின.

"செருப்பு கிடந்தா ஆள் இருக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே," என்றார் அதிகாரி வருத்தத்தோடு. பிறகு, "நேர்ல வந்து பார்க்கறோம். முறைப்படி வர்றதுக்குக் கொஞ்சம் ஆகும். நீங்க தண்ணி குடிங்க," என்றார்.

அவளால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. மாடி அறையில் ஒரு குடம் தண்ணீர்தான் இருக்கும். நேற்றுக் காலை நிரப்பி வைத்தது.

அன்று சாயங்காலம் கதவருகே போய், "நாளைக்கு வந்துடுவாங்க பெரியப்பா," என்றாள். தடி தட்டியது. மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குப் போனாள். கடை முதலாளி முகம் சுளித்தார். ஒவ்வொரு நாளும் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். கணவன் சுத்தியலை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டான். தட்டும் சத்தம் வரவர மெலிந்தது. முதலில் தடி. பிறகு கைவிரல் மூட்டு போல ஏதோ. பிறகு சத்தம் கதவடியில், தரைமட்டத்திலிருந்து வந்தது. நிற்க முடியாத ஆள் படுத்தபடி தட்டுவதுபோல. வெயிலில் ஜன்னல் தகரம் சூடேறிப் படபடவென்று விரியும் ஓசை கீழே வரைக்கும் கேட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் நாக்கு வறண்டது.

மகள் கூடத்தில் படுப்பதை நிறுத்திவிட்டாள். சமையலறை மூலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முடங்கினாள்.

ஒருவழியாக வந்தார்கள். அதிகாரி, அவருக்குப் பின்னால் துணிப்பையில் பித்தளை முத்திரையைச் சுமந்த நடுவயதுக்காரர். சீல்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். நல்ல வெளிச்சமான முற்பகல். கதவின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். சில நொடிகள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, முட்டி உயரத்தில், கதவின் அந்தப் பக்கம், டொக்.

சீல்காரரின் பார்வை தரைக்குப் போயிற்று. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பவர்போல, குனிந்து கதவில் காதை வைத்தார். டொக். அவருடைய காதுக்கு நேராக. டொக். டொக். கதவு அதிர்ந்து அவர் காதோரத்து நரைமுடி அசைவதை அவள் பார்த்தாள்.

நிமிர்ந்தார். "ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்குதா?" என்று அவள் கணவனிடம் கேட்டார்.

அவன் அவளைப் பார்த்தான். படிக்கட்டின் அடியில் நின்ற மகளைப் பார்த்தான். டொக் என்றது கதவு.

"இல்ல சார்."

"உங்களுக்கும்மா?"

"கேக்குது," என்றாள். "இப்பக்கூடக் கேக்குது. கேக்குது சார்."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். "அம்மா ரொம்பச் சோர்ந்துட்டாங்க. நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுங்க." படியிறங்கும்போது நின்று திரும்பினார். "கீழ்ப்பகுதி பரிசீலனையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். மிரட்டறதா நினைக்காதீங்க. ஒரு தகவலுக்காகச் சொன்னேன்."

சீல்காரர் பையைக் கட்டுவதுபோலக் கொஞ்சம் பின்தங்கினார்.

"அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?" என்றாள்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் தங்கச்சி," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "எனக்கு இது முதல் கதவா, என்ன? டி.வி.யைக் கொஞ்சம் சத்தமா வச்சுக்கங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அன்றைக்கு வேலைக்குப் போகும் வழியில்தான் அவள் முதல்முறையாகத் தெருக்களைக் கவனித்தாள். தையல் கடைக்கு மேலே ஒரு கதவு. வெள்ளைத் துணி, சிவப்பு அரக்கு. பழைய அச்சகத்தின் பின்பக்கம் ஒன்று. இரண்டு தெரு தள்ளி, சன்னமான சந்துக்குள், வாசற்படியில் குழந்தையின் சின்னச் செருப்போடு ஒன்று. அரக்கு நிறம் வெளுத்துத் தூசு படிந்திருந்தது. இந்த வழியாகத்தான் அவள் தினமும் போகிறாள். ஒரு வீட்டுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அடுத்த வீட்டிலும். அடுத்த வீட்டிலும். இத்தனை நாளாக, இந்த ஊர்க்காரர்களுக்குக் காது மந்தம் என்று நினைத்திருந்தாள்.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியில் அவள் நடையைக் கூட்டினாள். எதையும் கேட்டுவிடக் கூடாது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் மாடியில் சத்தம் நின்றது.

அவள் கூடத்தில் நின்று வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். எதுவும் இல்லை. இரவு முழுக்க இல்லை. மறுநாள் முழுக்க இல்லை. குழாயடியில் குடத்தைப் பிடித்தபடியே அழுதாள். வாய்க்குள் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகையின் அடியில் வேறொன்று இருந்தது. முடிச்சு அவிழ்ந்ததுபோல் ஒரு தளர்வு. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று கணவன் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மகள் பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே திரும்பி வந்தாள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டது.

டொக்.

கணவனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

டொக். டொக். டொக்.

மெலிந்த சத்தம் இல்லை. படுத்துக்கொண்டு தட்டும் சத்தம் இல்லை. நின்றுகொண்டு, தெம்பாக, ஒரே சீராக, அவசரமே இல்லாமல். கூரையிலிருந்து சுண்ணாம்புத் துகள் ஒன்று உதிர்ந்து மகளின் தட்டில் விழுந்தது.

"தாத்தாவுக்கு உடம்பு சரியாயிடுச்சா?" என்று கேட்டாள் மகள்.

கணவன் எழுந்து போய் டி.வி.யைப் போட்டான். சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

அவள் தூங்கவில்லை. விடிந்து, அவன் வேனை எடுத்துக்கொண்டு போய், மகளும் பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். சுத்தியல் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. எடுத்துக்கொண்டு மேலே போனாள். போகட்டும். வீடு போகட்டும், வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது. வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது. மொட்டைமாடியின் தரை காலைச் சுட்டது. தகரம் படபடத்தது.

"பெரியப்பா, தள்ளி நில்லுங்க. உடைக்கப் போறேன்."

தட்டும் சத்தம் உடனே நின்றது. தடி சரசரவென்று தரையில் இழுபடுவது கேட்டது. ஓரடி பின்னால் போய் நின்றாற்போல். சொன்னபடி கேட்டுக்கொண்டு. காத்துக்கொண்டு.

அவள் சுத்தியலை ஓங்கினாள்.

ஒரு குடம் தண்ணீர் அது. அது எப்போது தீர்ந்திருக்கும்? இந்த வெயிலில், இந்தத் தகரத்துக்குள், காற்றில்லாமல், சோறில்லாமல். தரையோடு தரையாகப் போன சத்தம். ஒரு நாள் முழுக்க நின்றுபோன சத்தம்.

கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார்?

முதல் நாள் திறந்திருந்தால் பெரியப்பா வந்திருப்பார். மறுநாள் திறந்திருந்தாலும் அவர்தான். இப்போது திறந்தால்?

கை ஓங்கியபடியே இருந்தது. உள்ளே எதுவோ பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. மூச்சுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினாள். மூச்சே இல்லை.

சுத்தியலைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தாள். பின்பக்கமாகவே படி இறங்கினாள். கதவுக்கு முதுகைக் காட்ட முடியவில்லை. பாதிப் படியில் இருக்கும்போது, மேலே, மறுபடியும்.

டொக்.

அதன் பிறகு அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. 

வேலைக்குப் போனாள், வந்தாள். டி.வி. ஓடியது. பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்திப் பேசப் பழகிக்கொண்டார்கள். சத்தம் இப்போது தட்டுவதாக மட்டும் இல்லை. தள்ளுவதாகவும் இருந்தது. மரம் முனகும். கீல் கிரீச்சிடும். சற்று ஓய்ந்து மறுபடி முனகும். ஒருநாள் துணி காயப்போட மேலே போனவள் கதவுப் பக்கம் பார்க்காமல் பார்த்தாள். அரக்கில் விரிசல் ஓடியிருந்தது. மெல்லிய மயிரிழை போல, குறுக்கே. பூட்டு துருவேறி, அதன் வளையம் லேசாக வாய் திறந்திருந்தது.

அன்று இரவு கணவனிடம் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நாமதான் உடைச்சோம்னு சொல்லுவாங்க."

காலையில் அவன் வேனை எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனான். திரும்பி வந்தபோது அவனுக்குப் பின்னால் அதிகாரியும் சீல்காரரும் வந்தார்கள்.

"நீங்களே வந்து சொன்னது ரொம்ப நல்ல காரியம்," என்று படியேறும்போதே அதிகாரி அவனைப் பாராட்டினார். "இந்த மாதிரிப் பொறுப்பான ஆளுங்க இருந்தா எங்களுக்கு வேலை மிச்சம். கீழ்ப்பகுதி விஷயத்துலயும் இதைக் கருத்துல எடுத்துக்குவோம்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

சீல்காரர் மண்டியிட்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். புதிய பூட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்தார். பழைய அரக்கைக் கத்தியால் சுரண்டினார். சணலை அறுத்தார். துணியை உருவினார். துருவேறிய பூட்டை ஒரு முறுக்கு முறுக்கியதும் அது கையோடு வந்துவிட்டது.

கதவு திறந்துகொள்ளப் பார்த்தது.

வேகமாக இல்லை. நிதானமாக. இறுகிப்போன கதவை வீட்டுக்காரர்கள் தள்ளுவதுபோல. சீல்காரர் தோளைக் கொடுத்தார். அவர் கால் தரையில் வழுக்கியது.

"கொஞ்சம் பிடிங்கம்மா," என்றார் அதிகாரி.

கணவன் படிக்கட்டின் நடுவிலேயே நின்றுவிட்டான். அவன் கால் ஏறவில்லை. கீழே வாசலில் மகள், புத்தகப்பையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனாள். இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்தாள். மரம் சூடாக இருந்தது. தள்ளினாள். அந்தப் பக்கமும் தள்ளியது. அவள் கைக்கு நேராக. அவள் கைகளின் அளவில். 

கதவு விளிம்பில் இடைவெளி விட்டது. அதன் வழியாகக் காற்று வந்தது. நாற்றம் எதுவும் இல்லை. பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தாற்போல் வெறும் தூசு வாசம். அந்தக் காற்றில் சொல் இருந்தது. காதை அருகே கொண்டுபோனால்தான் பிடிபடும் சொல்.

"அம்மாடி... இன்னும் ஆகலையா?"

பிறகு விரல்கள் வந்தன. இடைவெளி வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்து கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டன. நகம் இல்லை. நுனி தேய்ந்து, வழவழவென்று, மரத்தின் நிறத்தில் இருந்தன.

சீல்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல்கள் இருக்கும்வரை கதவு முழுதாக மூடாது. தாழ்ப்பாள் விழாது. அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். அவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"விரலை எடுக்கச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாரு."

அரக்கு உருகிச் சொட்டியது. கீழே மகள், "அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு," என்றாள்.

"பெரியப்பா," என்றாள். அவளுடைய குரல்தான். "விரலை எடுத்துக்குங்க. நாளைக்குத் திறந்துடுவாங்க."

விரல்கள் யோசித்தன. பிறகு சுண்டுவிரல் உள்ளே போயிற்று. மோதிர விரல் போயிற்று. நடுவிரல். ஆட்காட்டி விரல். ஒன்றன்பின் ஒன்றாக, முறைப்படி, சத்தமில்லாமல். கட்டைவிரல் மட்டும் ஒரு கணம் தங்கி, கதவு விளிம்பை லேசாக ஒருமுறை தட்டியது. சரி என்பதுபோல. அதுவும் போயிற்று.

அவள் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு கிளிக்கென்றது.

துணி. சணல். முடிச்சு. அரக்கு சிவப்பாக வழிந்து பரவியது. பித்தளை முத்திரை அதில் அமிழ்ந்து எழுந்தது.

"ஆறட்டும்," என்றார் அதிகாரி. குனிந்து, குழந்தைக்குச் சூடான பாலை ஊதுவதுபோல, அதன்மேல் மெதுவாக ஊதினார். "அதுவரைக்கும் விட்டுடாதீங்கம்மா."

அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகளுக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு உள்ளங்கைகள். தள்ளவில்லை இப்போது. அவளோடு சேர்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டிருந்தன.